எட்டாவது பாஸ்

செப்டம்பர் 3

அக்கா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறையில் கூடத் தங்கியிருக்கும் பெண்களிடமும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. கிழிக்க மனசு வரவில்லையென்றால் செருப்புப் பெட்டிக்கு அடியில் வை. வீட்டுக்குப் போன் மட்டும் செய்யாதே. போன் இப்போது அப்பாவின் சட்டைப் பையில்தான் இருக்கிறது. பதில் எழுதினால் கொக்கின் வீட்டு முகவரிக்கு எழுது. உன் முகவரியை எனக்குக் கொடுத்ததும் அவள்தான். "எங்கம்மா எனக்கு வர்ற லெட்டரப் பிரிக்க மாட்டாங்க. எனக்கு எவனும் எழுத மாட்டான்னு அவ்வளவு நம்பிக்கை" என்றாள். நம் கூடைப்பந்து அணியிலேயே உயரமானவள், அணியிலேயே பயந்தாங்கொள்ளி. ஆனால் இதற்குத் துணிந்துவிட்டாள்.

மணி பன்னிரண்டரை. அம்மாவுக்கு இந்த வாரம் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி. கணக்குப் புத்தகத்துக்கு அடியில் தாளை வைத்து எழுதுகிறேன். நீ போன மறுநாள் அப்பா திருப்புளியோடு வந்து நம் அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். அவர் கதவைத் தட்டியதே இல்லை, உனக்குத் தெரியும். திறந்த பிறகுதான் "என்ன பண்றே?" என்பார்.

ஐந்து வாரமாக இந்த வீட்டில் உன் பேச்சு கிடையாது. "அவ பேச்ச எடுக்கிறவங்க எடுத்துக்கிட்டு அப்படியே வெளிய போகலாம்" என்று சாப்பிடும்போது சொன்னார். அம்மா, "நான் போயிட்டா உங்க பிரஷர் மாத்திரைய யாரு ஞாபகப்படுத்துவா?" என்றாள். அவர் சிரிக்கவில்லை. கழுத்திலிருந்த பயிற்சியாளர் விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்தார். விசில் மேசைக்கு வந்தால் மூன்று நாள் யாரோடும் பேச மாட்டார். அடித்தால்கூடத் தேவலை என்று தோன்றும் அந்த மூன்று நாளும்.

அந்தத் தாளைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். இறுதி ஆட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அப்பா என் நோட்டைக் கேட்டார். பதினான்கு ஆட்டங்களில் நம் கழகத்துப் பெண்கள் வளையத்தை நோக்கி எறிந்த ஒவ்வொரு பந்தையும் நான் எழுதி வைத்திருக்கும் நோட்டு. "யாரு எங்கிருந்து போட்டா, எத்தன விழுந்துச்சு, ஒரே தாள்ல எழுதிக் குடு" என்றார். எழுதினேன். உன் பெயருக்கு நேரே இப்படி வந்தது: வளையத்துக்கும் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் நடுவிலிருந்து 118 எறிந்தாய், 38 விழுந்தன, 76 புள்ளி. அதாவது நூறு எறிந்தால் 64 புள்ளி. மற்றவர்கள் வளையத்துக்குக் கீழே போய் எறிந்ததில் நூற்றுக்கு 104. நான் எண்களைத்தான் எழுதினேன். அதை அவர் உடைமாற்றும் அறையில் எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிப்பார் என்று எனக்குத் தெரியாது. இறுதி ஆட்டம் முழுவதும், மண்டல அணித் தேர்வாளர்கள் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்க, உன்னைப் பெஞ்சில் உட்கார வைப்பார் என்றும் தெரியாது.

நாம் ஜெயித்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம். கடைசி நொடியில் கொக்கு கண்ணை மூடிக்கொண்டு எறிந்தது உள்ளே போனது. அப்பா கோப்பையைக் கூடத்தில் வைத்துவிட்டு என் தலையில் கை வைத்தார். "கணக்கு பொய் சொல்லாது" என்றார். நீ அப்போது துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாய்.

டிசம்பர் ஏழாம் தேதி மண்டல அணிக்குத் திறந்த தேர்வு இருக்கிறது. அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் போகலாம். விண்ணப்பத்தில் கழகப் பயிற்சியாளர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும், நவம்பர் இருபதுக்குள். ஒரு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். வருவாயா?

என்னை மன்னித்துவிடு.

புள்ளி


செப்டம்பர் 16

புள்ளி,

கிழிக்கவில்லை. செருப்புப் பெட்டி இல்லை. இருப்பது ஒரே ஜோடி, அது காலில் இருக்கிறது. தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன்.

பார்சல் கிடங்கில் வேலை. கையில் ஒரு மெஷின் கொடுத்திருக்கிறார்கள். பெட்டியின் மேல் காட்டினால் 'பிப்' என்று கத்தும், எண் ஒன்று ஏறும். மணிக்கு 110 பெட்டிக்குக் குறைந்தால் சூப்பர்வைசர் வந்து பக்கத்தில் நிற்பார். பேச மாட்டார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஊர் விட்டு ஊர் வந்தும் அப்பாவுக்கு உடன்பிறப்பு ஒருவர் கிடைத்திருக்கிறார் பார்.

உன் மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அன்றைக்கு அவர் படித்தபோது தாள் என் பக்கம் திரும்பியிருந்தது. ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு. ஒன்றும் ஏழும் குழம்பக்கூடாது என்று உனக்கு அப்படி எழுதச் சொல்லிக் கொடுத்தவள் நான். அவர் என்ன படித்தார் என்பது பாதி எனக்குக் கேட்கவே இல்லை. அந்தக் குறுக்குக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரே ஒரு கேள்வி. அழாமல் பதில் எழுது. உன் நோட்டில் ஒவ்வொரு எறிதலுக்கும் நேரே, ஓரத்தில், இன்னொரு கட்டம் உண்டு. இருபத்து நான்கு நொடிக் கடிகாரத்தில் எத்தனை நொடி மிச்சம் என்று எழுதுவாய். அந்தக் கடிகாரம் உனக்குத் தெரியவில்லை என்றுதானே என் பரிசுப் பணத்தில் புதுக் கண்ணாடி போட்டோம்? அந்தக் கட்டம் தாளில் எங்கே போயிற்று?

தேர்வுக்கு நான் வரவில்லை.

அக்கா


செப்டம்பர் 27

அக்கா,

ஒரே தாளில் எழுதச் சொன்னார், இடம் போதவில்லை. அதனால் அந்தக் கட்டம் விட்டுப் போயிற்று.

ஆனால் உன் கடிதம் வந்த ராத்திரியே நோட்டை எடுத்துவிட்டேன். நான்கு ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன். முழுவதும் படி. இடையில் நிறுத்தாதே.

அப்பாவின் விதி உனக்கு மனப்பாடம். பந்து எட்டுத் தடவை கை மாறாமல், அதாவது எட்டு பாஸ் ஆகாமல், யாரும் வளையத்தைப் பார்க்கவே கூடாது. ஓரத்தில் நின்று "பொறு! பொறு!" என்று கத்துவார். கொக்கும் மற்றவர்களும் அவருக்கு 'பொறு சார்' என்று பெயர் வைத்திருப்பது அவருக்கு மட்டும்தான் தெரியாது. எட்டு பாஸ் முடிவதற்குள் இருபது நொடி ஓடிவிடுகிறது. இருபத்து நான்குக்குள் எறியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அப்படியானால் எட்டாவது பாஸ் யாருக்கு வருகிறது?

உன் 118-இல் 71 எறிதல்கள், கடிகாரத்தில் நான்கு நொடி அல்லது அதற்கும் குறைவாக இருக்கும்போது. அவற்றில் 18 விழுந்தன. நேரம் இருந்து எறிந்தவை 47. அவற்றில் 20 விழுந்தன. நீ மோசமாக எறிகிறவள் இல்லை அக்கா. மோசமான நேரத்தில் பந்து உன்னிடம் வருகிறது.

இன்னும் இருக்கிறது. அந்தக் கடைசி நான்கு நொடியில் மற்றவர்கள் கையில் பந்து சிக்கிக்கொண்டது 45 தடவை. அதில் 26 தடவை எறிந்தார்கள், மூன்றே மூன்று விழுந்தன. மிச்சம் 19 தடவை எறியவே இல்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரையோ தேடுவதற்குள் மணி அடித்துவிட்டது. நூறு தடவைக்கு என்று பார்த்தால் அவர்களுக்கு 13 புள்ளி. உனக்கு 51. ஏறக்குறைய நான்கு மடங்கு.

வேகத்தையும் எண்ணினேன். மற்ற அணிகள் தங்களுக்குள் ஆடிய ஒன்பது ஆட்டங்களைப் பார்த்து எழுதியிருக்கிறேன். ஓர் அணியின் கைக்கு ஓர் ஆட்டத்தில் சராசரியாக 74 முறை பந்து வருகிறது. நாம் ஆடும் ஆட்டங்களில் 61. அப்பா ஆட்டத்தை நிதானப்படுத்துகிறார் என்று எல்லாரும் புகழ்வது நிஜம்தான். அந்த நிதானமெல்லாம் கடைசியில் உன் கையில் வந்து அவசரமாகிறது.

கொக்கிடம் கேட்டேன். முதலில் மழுப்பினாள். அப்புறம் அவளே சொன்னாள்: "நாலு நொடின்னு பாத்தாலே எனக்குப் பயம்டி. பந்து அடுப்புல இருந்து எறக்குன சட்டி மாதிரி இருக்கும். உங்கக்கா எங்க நிக்கிறான்னு பாத்து வீசிட்டு, அப்பாடான்னு மூச்சு விடுவேன். அவ போட்டது விழலன்னா, வெக்கமில்லாம நானும் சேந்து 'ச்சே'ன்னு சொல்லியிருக்கேன்." இறுதி ஆட்டத்தில் அவள் போட்டதைப் பற்றிக் கேட்டேன். "அது காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை. அதே எடத்துல இருந்து பிராக்டீஸ்ல முப்பது போட்டுப் பாத்துட்டேன். ரெண்டு விழுந்துச்சு."

இதையெல்லாம் ஒரே தாளில் எழுதப் போகிறேன். அப்பாவிடம் காட்டுவேன். வா அக்கா.

புள்ளி


அக்டோபர் 10

புள்ளி,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில், கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து படித்தேன். சாப்பாடு அப்படியே இருந்தது. பக்கத்தில் இருந்தவள், "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். "இல்ல, பொழைச்சிருக்காங்க" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. எனக்கு ஆசை அதிகம் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பந்து கைக்கு வந்தால் விடமாட்டேன், பேராசைக்காரி என்று. அப்பா திட்டும்போது வெளியே முறைத்துக்கொண்டாலும், உள்ளே 'சரியாகத்தான் சொல்கிறார்' என்று ஒரு குரல் கேட்கும். அந்தத் தாளை அவர் படித்ததும் வீட்டை விட்டு வந்தேனே, கோபத்தினால் மட்டும் வரவில்லை. வெட்கம். 71 என்ற எண்ணைப் பார்த்த பிறகு நேற்றுத்தான் முழுசாகத் தூங்கினேன்.

கிடங்குக்குப் பின்னால் லாரிகள் நிற்கும் இடத்தில் ஒரு வளையம் இருக்கிறது. வலை இல்லை, பலகையில் ஒரு மூலை உடைந்திருக்கிறது. டிரைவர்கள் எப்போதோ மாட்டியதாம். பந்து வாங்கிவிட்டேன். தினமும் அரை மணி எறிகிறேன். நேற்று ஒரு டிரைவர் பார்த்துக்கொண்டே நின்றார். "ஏம்மா, லோடு ஏத்தறப்பவும் இப்படித்தான் தூக்கிப் போடுவியா?" என்றார்.

வருகிறேன். ஆனால் லீவு கேட்டால் தரமாட்டார்கள். தொடர்ந்து நான்கு வாரம் மணிக்கு 130 பெட்டிக்குமேல் போட்டால் இரண்டு நாள் லீவு உண்டு, அது இங்கே விதி. நான் இப்போது 121-இல் இருக்கிறேன். வேகத்தைக் கூட்ட வேண்டும். பொறு சாரின் மகளுக்கு இது ஒரு மாறுதலாக இருக்கட்டும்.

என் பக்கம் ஒரே நிபந்தனை. அப்பாவின் கையெழுத்தைத் திருட்டுத்தனமாக வாங்காதே. வேறு தாள்களுக்கு நடுவில் செருகி நீட்டாதே. நீ எண்ணியதை அவர் முழுவதும் படிக்க வேண்டும். படித்துவிட்டு, இது எனக்கு என்று தெரிந்தே முத்திரை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு வேண்டாம்.

இடம் போதவில்லை என்று எழுதியிருந்தாய். சரி.

அக்கா


அக்டோபர் 29

அக்கா,

என்னால் முடியவில்லை. திட்டாதே. மூன்று தடவை வாய்ப்பு வந்தது.

முதல் தடவை அப்பா மேசையில் புது ஆட்டக்காரர்களின் பட்டியலைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கதவருகே நின்றேன். "என்ன?" என்றார். "தண்ணி வேணுமான்னு கேக்க வந்தேன்" என்றேன். வேண்டாம் என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டாம் தடவை தாளைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனேன். அவர் என்னைப் பார்த்ததும், "வா, உக்காரு" என்றார். அவர் என்னை உட்காரச் சொன்னதே இல்லை. "இந்த வருஷமும் நோட்டு நீதான் போடணும். உன் நோட்டு இல்லன்னா எனக்குக் கண்ணு தெரியாது. மத்தவங்க வந்து ஆயிரம் சொல்வாங்க. நீ பொய் எழுத மாட்டே" என்றார். தாளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். "சரிப்பா" என்றேன்.

மூன்றாம் தடவை நடந்ததைத்தான் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நேற்று அவரே என் அறைக் கதவைத் திறந்தார். உள்ளே வரவில்லை. உன் கட்டிலைப் பார்த்தபடி, "கொக்கு ஏதாவது சொன்னாளா?" என்றார்.

"எதப் பத்திப்பா?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

அவ்வளவுதான் அக்கா. உன் கடிதம் இரண்டும் என் தலையணைக்குள் இருந்தன. அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். நான் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் அப்போதே முடிந்திருக்கும். "ஒண்ணும் சொல்லலப்பா" என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார், எப்போதையும்விட மெதுவாக.

அம்மாவிடம் பாதி சொன்னேன். உனக்கு எழுதுவதைச் சொல்லவில்லை, தேர்வைப் பற்றி மட்டும். "நீங்க கேளுங்கம்மா" என்றேன். "உங்கப்பனுக்கும் உங்கக்காவுக்கும் நடுவுல நான் வளையத்துல தொங்குற வலைடி. பந்து போறப்ப ஆடுவேன், அவ்வளவுதான். பந்த நீங்கதான் போடணும்" என்று சொல்லிவிட்டு, டியூட்டிக்குப் போகிற அவசரத்தில் குடையை மறந்துவிட்டுப் போனாள். அன்றைக்கு நனைந்துகொண்டே வந்தாள்.

இருபதாம் தேதி வரை நாள் இருக்கிறது. விண்ணப்பம் பத்திரமாக இருக்கிறது. உன் பெயரை நானே பூர்த்தி செய்து வைத்திருக்கிறேன். கண்டிப்பாகக் கேட்பேன். உன் எண் எவ்வளவு ஏறியிருக்கிறது?

புள்ளி


நவம்பர் 11

புள்ளி,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கை. கொஞ்சம்தான் எழுத முடியும்.

போன செவ்வாய்க்கிழமை கையுறையின் நுனி, பெட்டிகள் நகர்ந்து போகும் பெல்ட்டின் உருளையில் மாட்டிக்கொண்டது. வலது கை. ஆள்காட்டி விரல் நடு மூட்டுக்கு மேலே இல்லை. நடு விரல் இருக்கிறது, மடங்காது என்கிறார்கள். பந்து கையை விட்டுப் போகும்போது கடைசியாகத் தொடுவது இந்த இரண்டும்தான். உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

மணிக்கு 134-இல் இருந்தேன். மூன்று வாரம் முடிந்திருந்தது.

அந்த சூப்பர்வைசர்தான் வேனில் கூட வந்தார். ஆஸ்பத்திரி போகிற வரை என் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இதை உன் கணக்கில் சேர்க்காதே. சேர்ப்பாய் என்று தெரியும், அதனால்தான் சொல்கிறேன். மெஷினுக்கு முன்னால் நின்றது நான்.

அப்பாவிடம் இனி எதையும் காட்டாதே. அந்தத் தாளால் இனி யாருக்கும் பயனில்லை. அவரிடம் ஒரு கோப்பை இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்று. உடைமாற்றும் அறையில் அந்தத் தாளை நான் நன்றாகப் பார்த்தேன். கீழே பாதித் தாள் வெள்ளையாக இருந்தது. இடம் போதாமல் இல்லை. திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நீயே சொல்வாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் தேடினேன்.

கை வலிக்கிறது.

அக்கா


நவம்பர் 18

அக்கா,

உன் கடிதத்தைக் கொக்கு பள்ளிக்கூட வாசலில் கொண்டுவந்து கொடுத்தாள். உறையின்மேல் இருந்த எழுத்தைப் பார்த்ததும், "உங்கக்காவா இது? கோழி கிறுக்குன மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். நான் படித்துவிட்டு அவளிடம் நீட்டினேன். யாரிடமும் காட்டக்கூடாது என்று உன்னிடம் கெஞ்சியவள் நான்தான், ஆனாலும் நீட்டினேன். அவள் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். திரும்பாமலே, "எல்லாத்தையும் அந்தக் கையிலதான்டி குடுத்தேன்" என்றாள்.

நீ தேடியதை இப்போது எழுதுகிறேன்.

அப்பா கேட்ட அன்று நான் முதலில் எழுதிய தாள் வேறு. அதில் அந்தக் கட்டம் இருந்தது. கூட்டியபோது உன் பெயருக்கு நேரே 71 வந்தது. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடியும் எண்ணினேன். அப்போதும் 71. அது உன்னால் வரவில்லை, எட்டு பாஸால் வருகிறது என்று எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. உன் கேள்வி வந்த பிறகு நான்கு ராத்திரி எண்ணியதாக எழுதினேனே, மற்றவர்களின் 45-ஐயும் ஆட்ட வேகத்தையும்தான் புதிதாக எண்ணினேன். உன்னுடைய எண் ஏற்கெனவே என்னிடம் இருந்தது.

அந்தத் தாளை அப்பாவிடம் கொடுத்தால் அவரைக் குற்றம் சொன்ன மாதிரி ஆகும் என்று நினைத்தேன். விசில் மேசைமேல் விழும் சத்தம் காதில் கேட்டது. தாளை நான்காக மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். நொடிக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு எழுதினேன். அதில் ஓர் எண்கூடப் பொய் இல்லை அக்கா. எல்லாம் சரியான எண்கள். அதனால்தான் அவர் நம்பினார், அதனால்தான் நீயும் நம்பினாய். பேராசைக்காரி என்று நீ உன்னையே நினைத்துக்கொண்டு அங்கே படுத்திருந்தபோது, 71 என் ஜாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்குக் கீழே இருந்தது. நான் தினமும் அதைத் திறந்துதான் வகுப்பில் வட்டம் போட்டேன்.

உன் கணக்கில் சேர்க்காதே என்று எழுதியிருக்கிறாய். எப்படிச் சேர்க்காமல் இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அக்டோபரில் அவர் "உக்காரு" என்று சொன்ன அன்று கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அப்போதும் நீ லீவுக்காக வேகத்தைக் கூட்டியிருப்பாய். ஜூலையிலேயே அந்த முதல் தாளைக் கொடுத்திருந்தால் நீ கிடங்குக்கே போயிருக்க மாட்டாய். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அங்கேதான் போய் நிற்கிறேன்.

அப்பாவிடம் காட்டாதே என்றாய். இந்த ஒன்றில் உன் பேச்சைக் கேட்கவில்லை. கோபப்படு. தேர்வுக்காகச் செய்யவில்லை, உனக்காகச் செய்தேன் என்று சொல்லவும் எனக்குத் தகுதி இல்லை. 'நீ பொய் எழுத மாட்டே' என்று அவர் சொன்னதை இனியும் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

இன்று ராத்திரி அவர் குளிக்கப் போனபோது முழு நோட்டையும் அவர் மேசைமேல் வைத்தேன். அதன்மேல் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த அந்தப் பழைய தாள், அதன்மேல் செப்டம்பரில் எழுதியது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு துண்டில், "இது அன்றைக்கு நான் மறைத்தது. எனக்கு உங்களிடம் பயம்" என்று எழுதி, பறக்காமல் இருக்க விசிலைத் தூக்கி வைத்தேன். உன் கடிதங்களை வைக்கவில்லை. உன் விரலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

மணி பன்னிரண்டு. அம்மா டியூட்டியில் இருக்கிறாள். எழுதிக்கொண்டே இருந்தால் தேவலை போலிருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் பத்தரையிலிருந்து அவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கம் புரட்டும் சத்தம் கேட்கிறது. ஒரு பக்கம், வெகு நேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொரு பக்கம். நடுவில் வாய்விட்டு எண்ணினார். ஆறு, ஏழு, எட்டு என்று. திரும்பத் திரும்ப எட்டில் போய் நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஒரு தடவை மூக்கைச் சிந்தினார். அவருக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை, அவருக்குச் சளி இல்லை.

இப்போது இழுப்பறை திறக்கிறது. எதையோ தேடுகிறார். இந்த நேரத்தில் இழுப்பறையில் என்ன?

டொக்கென்று ஒரு சத்தம். கழக முத்திரை. சான்றிதழ்களில் குத்தும்போது கேட்கிற அதே சத்தம்.

ஐயோ, விண்ணப்பம். அதைப் பத்திரமாக இருக்கட்டும் என்று நோட்டின் பின்னட்டை உறைக்குள்தான் செருகியிருந்தேன். எடுக்க மறந்துவிட்டேன். மேலே உன் பெயர் இருக்கிறது. நாளை மறுநாள் கடைசி நாள் என்று கீழே இருக்கிறது. அவர் முழுவதும் படித்துவிட்டார் அக்கா. உனக்கு என்று தெரிந்தே குத்திவிட்டார். நீ கேட்ட மாதிரியே.

அவருக்கு உன் விரல் விஷயம் தெரியாது. நான் என்ன சொல்வேன்? எப்படிச் சொல்வேன்?

நாற்காலி நகர்கிறது. வருகிறார். கதவுக்கு அடியில் இரண்டு கால்களின் நிழல் தெரிகிறது. திறக்கவில்லை. தாழ்ப்பாள் இல்லை என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் திறக்காமல் நிற்கிறார். கையில் தாள் சரசரக்கிறது.

அக்கா, அப்பா கதவைத் தட்டுகிறார்